ரிசப்ஷனுக்கு என்ன செருப்பு வாங்குவது? அகலப் பாதம், குள்ள உருவம், பட்டுப்புடவை

மழைக்குருவி
வெள்ளி, இரவு 10:12

தோழிகளே, வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், அன்று மாலையே அதே மண்டபத்தில் ரிசப்ஷன். முகூர்த்தத்தைப் பற்றிக் கவலையில்லை. மணவறையில் எப்படியும் வெறுங்கால்தான். சிக்கல் மாலைக்குத்தான்.

என் உயரம் 5 அடி 1 அங்குலம். அவர் 6 அடிக்கு ஒரு விரற்கடை குறைவு. "போட்டோவில் அவர் தோளுக்குக்கூட எட்ட மாட்டாய், 4 அங்குலத்தில் பென்சில் ஹீல் வாங்கு" என்று அக்காவும் சித்தியும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். நான் ஹீல் போட்டது கல்லூரி ஆண்டு விழாவில் ஒரே ஒரு முறை. அன்றும் வீடு திரும்பும்போது செருப்பு கையில்தான் இருந்தது.

இணையத்தில் ஒரு ஜோடி வரவழைத்துப் பார்த்தேன். 5 போட்டால் சுண்டுவிரல் பட்டைக்கு வெளியே தொங்குகிறது, 6 போட்டால் குதிகால் கழன்று டப் டப் என்கிறது. பாதம் முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒல்லி. திருப்பி அனுப்பியாயிற்று.

புடவை கரும்பச்சைக் காஞ்சிபுரம், அரக்கு பார்டர், பழைய தங்க நிறத்தில் ஜரிகை. மேடையில் மூன்று மணி நேரமாவது நிற்க வேண்டும். என்ன வகை, என்ன உயரம், என்ன நிறம்? அப்புறம், ஆபீஸுக்கும் சேர்த்து இரண்டு மூன்று ஜோடி வாங்கலாம் என்று இருக்கிறேன். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

தேன்மொழி_கோவை
வெள்ளி, இரவு 10:40

முதலில் வாழ்த்துகள்! பென்சில் ஹீல் வேண்டவே வேண்டாம். பிளாக் ஹீல் பாருங்கள், அதாவது கட்டையாக, சதுரமாக இருக்கும் குதி. உயரம் வேண்டுமென்றால் முன்பக்கமும் கொஞ்சம் தூக்கியிருக்கிற பிளாட்பார்ம் வகை. குதி மூன்றரை அங்குலம், முன்பக்கம் ஒரு அங்குலம் என்றால் உங்கள் காலுக்கு அது இரண்டரை அங்குலம்தான். போட்டோவுக்கு மட்டும் மூன்றரை.

ஒன்று முக்கியம். புடவை கட்டுவதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். என் ரிசப்ஷனில் புடவை கட்டி முடித்து, பின் எல்லாம் குத்தி, கடைசியில் ஹீலை மாட்டினேன். கொசுவம் தரையிலிருந்து மூன்று விரல் மேலே நின்றது. வெள்ளத்தில் இறங்கப் போகிற மாதிரி ஒரு கோலம். ஆல்பத்தில் இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. உள்பாவாடை தைக்கக் கொடுக்கும்போதும் அந்தச் செருப்போடு நின்றுதான் அளவு கொடுக்க வேண்டும்.

பத்மா_மாமி
சனி, காலை 6:05

எனக்கு 1989ல் கல்யாணம். ரிசப்ஷனிலும் ஜமக்காளத்தின் மேல் வெறுங்காலோடுதான் நின்றேன். பட்டுப்புடவைக்கு அடியில் என்ன செருப்பு என்று எந்த விருந்தாளி குனிந்து பார்க்கப் போகிறார்?

சரி, வாங்குவதென்று முடிவு பண்ணிவிட்டாய். அப்படியானால் சட்டென்று கழற்ற வருகிற மாதிரி வாங்கு. மேடையில் பெரியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவர் காலிலும் விழ வேண்டும். செருப்புக் காலோடு நமஸ்காரம் பண்ண முடியாது. கணுக்காலைச் சுற்றி பக்கிள் வைத்ததை வாங்கினாயானால் மூன்று மணி நேரமும் குனிந்து நிமிர்ந்து பக்கிளைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாய்.

மழைக்குருவி
சனி, காலை 8:20

மாமி, இதை நான் யோசிக்கவே இல்லை! நான் பார்த்து வைத்த நாலு ஜோடியிலும் பக்கிள்.

ஆம்பூர்க்காரி
சனி, பிற்பகல் 2:15

ஷூ ஃபேக்டரியில் சாம்பிள் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

5க்கும் 6க்கும் நடுவில் மாட்டிக்கொள்வது உங்கள் பாதத்தின் குற்றமில்லை. செருப்போ ஷூவோ, எல்லாமே லாஸ்ட் என்கிற ஒரு கால் அச்சின் மேல்தான் உருவாகிறது. அந்த அச்சு யார் காலை நினைத்துச் செதுக்கப்பட்டதோ அவர் காலுக்குத்தான் அது கச்சிதமாக உட்காரும். நம் ஊர் ஃபேக்டரிகளில் ஓடுவதில் பெரும்பகுதி ஐரோப்பிய ஆர்டர். அங்கே பாதம் ஒடுங்கலாக இருக்கும் என்ற கணக்கில் அச்சு வருகிறது. நம்மூர்ப் பெண்கள் பலருக்கு உங்களைப் போலவே விரல் பக்கம் விரிந்த பாதம். சின்ன வயதில் முழுக்க வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் வளர்ந்த கால், வேறெப்படி இருக்கும்? அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, நமக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவுமுறையே முன்வைத்திருக்கிறது. பாரதத்தின் முதல் எழுத்து. அது கடைக்கு வந்து சேரும்வரை நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் 5, 6 என்பது ஆங்கிலேயர் கணக்கு. ஒரு நம்பர் கூடினால் நீளம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும். 37, 38 என்பது ஐரோப்பியக் கணக்கு. அதில் ஒரு நம்பருக்கு ஆறே முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கணக்கின் படிகளும் வேறு என்பதால் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவே பொருந்தாது. பெட்டியில் "38 = 5" என்று போட்டிருப்பதெல்லாம் ஒரு குத்துமதிப்புதான். அதனால் நம்பரை நம்பாமல் அளவை நம்புங்கள். மாலை நேரத்தில், காலையெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஒரு தாளை சுவரோரம் போட்டு அதன் மேல் நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வேண்டாம், எடை இறங்கினால்தான் பாதம் விரியும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து வேறொருவரை வரையச் சொல்லுங்கள். இரண்டு காலையும். ஒன்று பெரிதாக இருக்கும், அதுதான் உங்கள் அளவு. அந்தத் தாளையே வெட்டிக் கடைக்கு எடுத்துப் போய்ச் செருப்பின் இன்சோல், அதாவது பாதம் படுகிற உள்தளத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தாள் ஓரம் எந்தப் பக்கம் வெளியே நீட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் பின்னால் கொப்புளம்.

ஹீல் வைத்ததென்றால் இன்னும் மூன்று சோதனை. மேசையின் மேல் வைத்து விரலால் தட்டுங்கள், ஆடினால் வேண்டாம். குதியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம்கூட நெகிழக் கூடாது. அப்புறம் நடுப்பாதம் வருகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே ஷாங்க் என்று ஒரு இரும்புப் பட்டை இருக்கும், அதுதான் முதுகெலும்பு. அழுத்தினால் அமுங்குகிறதென்றால் ஷாங்க் இல்லை, அல்லது வெறும் அட்டை. விலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வெட்ஜ் வகைக்கு இந்தக் கவலை குறைவு. முன்னாலிருந்து பின்னால்வரை அடியில் ஒரே கட்டையாக நிரம்பியிருப்பதால் பாதம் தொங்காது. அது வந்த கதையே அதுதான். 1930களில் இத்தாலி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்ததற்காக அதன் மேல் பொருளாதாரத் தடை வந்தது. ஷாங்குக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை. சால்வத்தோரே ஃபெராகாமோ என்ற செருப்புக் கலைஞர் அந்த இடைவெளியை கார்க் கட்டையால் அடைத்துவிட்டார்.

உங்களுக்கு என் சிபாரிசு: குதி இரண்டரை அங்குலம், பிளாக். முன்பக்கம் அகலமான இரண்டு பட்டை. குதிகால் பின்னால் எலாஸ்டிக் வைத்த பட்டை, ஸ்லிங்பேக் என்பார்கள். ஒல்லிக் குதிகாலையும் பிடித்துக்கொள்ளும், கழற்றவும் ஒரு விரல் போதும். மாமி சொன்ன விஷயமும் முடிந்தது.

உயரக்குதி_உமா
சனி, மாலை 5:30

எல்லோரும் சேர்ந்து பென்சில் ஹீலை இப்படி விரட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் போடுகிறேன், எட்டு வருஷமாக. நன்றாகச் செய்த ஸ்டிலெட்டோவில், அதுதான் பென்சில் ஹீல், உள்ளே உலோகத் தண்டு இருக்கும், அவ்வளவு சீக்கிரம் உடையாது. பெயரே இத்தாலிய மொழியில் சின்னக் குத்துவாள். கணுக்கால் தெரிகிற மாதிரி நேர்த்தியான பேன்ட், கூர்மூக்கு பம்ப் (விரல் மூடிய, பட்டையில்லாத ஷூ), இந்தச் சேர்க்கை தருகிற நிமிர்வை வேறு எதுவும் தராது. குள்ளமானவர்களுக்குக் கூர்மூக்கு காலை நீட்டிக் காட்டும், அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

ஆனால் மழைக்குருவி, முதல் தடவையே மூன்று மணி நேரம் நிற்க அதைத் தேர்ந்தெடுக்காதே. அது பழக்கத்தில் வருவது. அதோடு மண்டப மேடை என்பது பலகை மேல் விரித்த கம்பளம். இரண்டு பலகைக்கு நடுவில் குதி இறங்கினால் அவ்வளவுதான். புல்வெளியிலும் அதே கதி.

நிறத்தைப் பற்றி ஒன்று. 'நியூட்', அதாவது தோல் நிறம் என்று கடையில் காட்டுகிற இளம் ரோஜா கலந்த சந்தன நிறம் நம் தோலுக்கு நியூட்டே கிடையாது. மாநிறக் காலில் அது பூரான் மாதிரி தனியாகத் தெரியும். செருப்பு காலோடு கலந்து கால் நீளமாகத் தெரிய வேண்டுமென்றால் டேன், கேரமல், காப்பிப் பழுப்பு, அவரவர் கால் நிறத்துக்கு எது பக்கமோ அது. கையில் வைத்துப் பார்க்காதே, புறங்காலில் வைத்துப் பார்.

தேன்மொழி_கோவை
சனி, மாலை 6:02

உமா சொன்ன நியூட் விஷயத்துக்கு ஆயிரம் கைதட்டல். எனக்கு இது புரிய மூன்று ஜோடி காசு போனது.

மழைக்குருவியின் புடவைக்குப் பளீரென்ற தங்க நிறம் வேண்டாம். ஜரிகை பழைய தங்கம் என்கிறீர்கள், செருப்பும் ஆன்டிக் கோல்டாக இருக்கட்டும். பச்சைக்குப் பச்சை தேடி அலையாதீர்கள், பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிடும். பிறகு வேறெதற்கும் போடவும் முடியாது.

இரவுப்பணி
ஞாயிறு, காலை 9:15

நர்ஸ். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் நிற்கிற கால், அதனால் சொல்ல உரிமை உண்டு.

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மெட்டி! காலையில் முகூர்த்தத்தில் மெட்டி போட்டுவிடுவார்கள். மாலையில் அதோடுதான் செருப்புக்குள் காலை விட வேண்டும். புது மெட்டி, பழகாத விரல். மூடிய பம்ப்பாகவோ கூர்மூக்காகவோ இருந்தால் மெட்டி பக்கத்து விரலை அறுத்துவிடும். எனக்கு அறுத்தது. மறுவீட்டுக்கு பிளாஸ்டரோடு போனேன். அதனால் விரல் திறந்த செருப்பு. முதல் பட்டை மெட்டிக்கு மேல் படாமல் ஒரு விரல் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். கொலுசு போடுவதாக இருந்தால் கணுக்காலில் எதுவுமே வேண்டாம். மாமி சொன்ன பக்கிளுக்கு இது இரண்டாவது எதிர் ஓட்டு.

குதி உயர உயர உடம்பின் எடை முன்பாதத்துக்குத் தள்ளப்படும். அதனால்தான் விரலடியில் தீயாய் எரிகிறது. அந்த இடத்தில் ஜெல் பேட் ஒன்று ஒட்டிக்கொள். வாங்கியதிலிருந்து தினமும் இரவு அரை மணி நேரம், சாக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது போட்டுப் பழகு. மேடைச் சோபாவுக்குப் பின்னால் ஒரு தட்டைச் செருப்பும் இருக்கட்டும். சாப்பிடப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மழைக்குருவி
ஞாயிறு, காலை 11:48

கடையில் மெட்டி போட்டு அளவு பார்க்கலாம் என்றால் அம்மா "கல்யாணத்துக்கு முன்னால் மெட்டியா?" என்று அலறிவிட்டார். என்ன செய்வது?

பத்மா_மாமி
ஞாயிறு, பகல் 12:10

அம்மா அலறியது நியாயம். தடித்த நூலை விரலில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு போ. தெய்வக் குற்றம் எதுவும் வராது.

சந்தனமுல்லை
ஞாயிறு, மாலை 4:30

மெஹந்திக்கு என்ன போடப் போகிறீர்கள்? ஜூட்டி பார்க்கலாமே, வட இந்தியத் தட்டைத் தோல் ஷூ. பாரம்பரிய பஞ்சாபி ஜூட்டியில் இடது வலது கிடையாது, நாள்பட நம் கால்தான் அதை இடதாகவும் வலதாகவும் ஆக்கும். அதனால் முதல் வாரம் கடிக்கும், ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள்.

எனக்கு ஆபீஸில் காட்டன் புடவைக்கு கோலாப்பூரி தோல் செருப்புதான். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகாராஷ்டிராவில் நாலு மாவட்டம், கர்நாடகத்தில் நாலு மாவட்டம். 2025ல் மிலான் ஃபேஷன் மேடையில் இத்தாலிய நிறுவனமான பிராடா அதே சாயலில் செருப்பு காட்டி, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விட்டு, பிறகு எதிர்ப்பு கிளம்பியதும் ஒப்புக்கொண்டதே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் ஆளுக்கு ஒரு ஜோடி. மழைக்காலத்தில் மட்டும் தொடாதீர்கள். நனைந்த தோல் காய்ந்தால் அப்பளம்.

உயரக்குதி_உமா
ஞாயிறு, இரவு 8:50

ஆபீஸுக்கு: ஒரு லோஃபர் (லேஸ் இல்லாமல் காலை நுழைக்கிற தட்டை ஷூ), ஒரு சின்ன ஹீல் போதும். லோஃபர் பேன்ட்டுக்கும் சரி, கைத்தறிப் புடவைக்கும் சரி. மேரி ஜேன் அழகுதான், ஆனால் புறங்காலில் குறுக்கே ஓடும் பட்டை குள்ளமானவர்களின் காலை இன்னும் வெட்டிக் காட்டும். முழங்காலுக்குக் கீழே வரும் குர்த்தியோடு போட்டால் இரட்டை நஷ்டம். பலாசோ, அனார்கலி என்றால் உள்ளே என்ன இருந்தாலும் தெரியாது, ரப்பர் செருப்பே போடலாம். புடவைக்கு வெள்ளை ஸ்னீக்கர் பற்றிக் கேட்டால் நான் மாமி கட்சி, வெறுங்காலே மேல்.

மழைக்குருவி
செவ்வாய், இரவு 9:05

கதையில் திருப்பம். அக்கா அலமாரியிலிருந்து தன் ரிசப்ஷன் செருப்பை எடுத்து வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு நாள் போட்டது, பெட்டியோடு புத்தம் புதிதாக இருக்கிறது. பிளாக் ஹீல், ஆன்டிக் கோல்டு, எலாஸ்டிக் பட்டை. காசு மிச்சம் இல்லையா?

ஆம்பூர்க்காரி
செவ்வாய், இரவு 9:40

நில்லுங்கள். அடிப்பாகம் எடை இல்லாமல், நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறதா? அப்படியென்றால் அது பியூ சோல், பாலியூரிதேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். போட்டுத் தேய்ந்தால்தான் செருப்பு கெடும் என்று நினைக்கிறோம், இது போடாமலேயே கெடும். சென்னை ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து நன்றாக வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, விரலில் மாவு மாதிரி ஒட்டினாலோ தூக்கிப் போடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும்.

மழைக்குருவி
புதன், காலை 7:30

வளைத்தோம். ஒரு வெடிப்பு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அக்கா "அது டிசைன்" என்கிறாள். நான் புதிதாகவே வாங்கிக்கொள்கிறேன். அந்த ஜோடியை அவளே போட்டுக்கொள்ளப் போகிறாளாம்.

மழைக்குருவி
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:20

கல்யாணம் முடிந்தது, மறுவீடும் முடிந்தது, இப்போதுதான் இங்கே வர நேரம்.

தி.நகரில் ஆறு கடை ஏறி இறங்கினேன். தாளை வெட்டி எடுத்துப் போனதைப் பார்த்துக் கடைப் பையன் சிரித்தான். நாலாவது ஜோடியில் அவனே தாளை வாங்கி வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் 6ல், இரண்டரை அங்குல பிளாக் ஹீல், பின்னால் எலாஸ்டிக். விரலில் நூல் முடிச்சோடு நடந்து பார்த்தேன். முதலில் எடுத்ததில் பக்கிள் மேல் கல் பதித்திருந்தது, வேண்டாமென்று வைத்துவிட்டேன். தெரிந்த பெண் ஒருத்திக்கு அப்படி ஒரு கல்லில் ஜரிகை மாட்டி பார்டர் ஒரு ஜாண் பிரிந்துவிட்டது.

ரிசப்ஷனில் செருப்போடு நின்றுதான் புடவை கட்டினேன். கொசுவம் தரையிலிருந்து அரை அங்குலம், அளந்து வைத்த மாதிரி. காலில் விழுந்த கணக்கு நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் எதுவும் தெரியவில்லை, மூன்றாவது மணியில் விரலடி எரிந்தது. ஜெல் பேடை அன்று காலைதான் ஒட்டினேன், தப்பு என்னுடையது. உயரம்? போட்டோவில் அவர் தோளுக்குச் சரியாக வருகிறேன். சித்திக்கு இன்னும் ஒரு அங்குலம் குறைதான்.

அக்கா கதைக்கு வருகிறேன். சீர் தட்டோடு மேடைப் படி ஏறினாள். மூன்றாவது படியில் இடது குதி அப்படியே நின்றுவிட்டது, அவள் மட்டும் மேலே வந்தாள். வந்த வழியெல்லாம் சிவப்புக் கம்பளத்தில் கறுப்பாக, கருகிய கேக்கைப் பிய்த்துப் போட்ட மாதிரி துண்டு துண்டாகக் கிடந்தது. வீடியோக்காரர் முழுவதையும் எடுத்திருக்கிறார். சோபாவுக்குப் பின்னால் எனக்காக வைத்திருந்த தட்டைச் செருப்பு அவளுக்குத்தான் போனது.

ஆம்பூர்க்காரி
ஞாயிறு, இரவு 7:05

டிசைனை வீடியோவில் பார்க்க ஆசையாக இருக்கிறது. புது ஜோடியையும் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள், மாதம் ஒரு தடவையாவது வெளியே போட்டு நடங்கள்.

தேன்மொழி_கோவை
ஞாயிறு, இரவு 7:20

குதி மட்டும் படியில் நின்றதை நினைத்து அரை மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

பத்மா_மாமி
திங்கள், காலை 6:10

சந்தோஷமாக இரு. ஒரு சந்தேகம். அந்தப் பின்னால் எலாஸ்டிக் வைத்தது, குதி ஒன்றரை அங்குலத்தில், 7ஆம் நம்பரில் கிடைக்குமா? எனக்கில்லை, நாத்தனாருக்கு.